கேனு, கயாக், சம்பான், தோணி: எதுக்கு என்ன பேர், பிள்ளைகளுக்கு எதை வாங்குறது?

#1 புறப்பாட_டீச்சர்
வணக்கம். பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் நீர் விளையாட்டுக் குழுவுக்குப் பழைய படகு இரண்டு வாங்கப் போகிறோம். பிள்ளைகளுக்கு 10 முதல் 12 வயது. பெரும்பாலும் ஏரியில், அனுமதியும் ஆளும் அமைகிற நாளில் தெலுக் பஹாங் கரையோரம்.

விளம்பரங்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒரே மாதிரிப் படகை ஒருவர் 'கேனு' என்கிறார், ஒருவர் 'கயாக்', ஒருவர் 'சம்பான் ஃபைபர்'. விலையோ மலைக்கும் மடுவுக்கும். எதை வாங்கலாம்? கூடவே, படகு வகைகளுக்கும் பாகங்களுக்கும் தமிழ்ப் பெயர் போட்டு ஒரு பக்கத் தாள் தயாரித்து ஸ்டோர் சுவரில் ஒட்ட வேண்டும். அகராதியில் எல்லாவற்றுக்கும் 'சிறு படகு' என்றே இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தெலுக்பஹாங்_துடுப்பு
விளம்பரத்துல போட்ட பேரை விட்டுத் தள்ளுங்க டீச்சர். படத்தைப் பெரிசாக்கி மேல்பக்கத்தைப் பாருங்க.

முன்னாடியிலிருந்து பின்னாடி வரைக்கும் திறந்து கிடக்கு, நடுவுல ஒண்ணு ரெண்டு குறுக்குச் சட்டம், பெஞ்சு மாதிரி உயரமான இருக்கை: இது கேனு. முட்டி போட்டோ பெஞ்சுல உட்கார்ந்தோ, ஒரு பக்கம் மட்டும் பலகை உள்ள துடுப்பால போடுறது.

மேலே மூடி, ஆள் இடுப்பு வரைக்கும் இறங்குற ஓட்டை மட்டும் இருந்தா கயாக். காலை முன்னாடி நீட்டி உட்காரணும், துடுப்புக்கு ரெண்டு பக்கமும் பலகை.

மூணாவது வகை, இங்க ரொம்பக் கிடைக்கிறது: மேலயும் கீழயும் மூடின ஒரே பிளாஸ்டிக் கூடு, ஆள் உள்ள இறங்காம மேல உட்காருவாரு, கூட்டைத் துளைச்சுக்கிட்டு நாலுலேருந்து எட்டு வடிகால் ஓட்டை. 'சிட் ஆன் டாப்'னு கடையில கேட்டாப் புரியும்.

குழப்பம் எங்கிருந்து வந்துச்சுன்னா, பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல 'கேனு'ன்னா ரெண்டுமே. திறந்ததைத் தனியாச் சொல்ல 'கனடியன் கேனு'ம்பாங்க. நம்ம ஊர்ப் பழைய கிளப்புகள் அந்தப் பழக்கத்துல கயாக்கையும் கேனுன்னே சொல்லும். பந்தயத்துல மட்டும் பிரிவு கறாரா இருக்கும். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்லேருந்து போட்டியில இருக்கு. கே1 (ஒத்தை ஆள் கயாக்) உட்கார்ந்து, காலால திருப்புற சுக்கானோட, நீளம் 5.20 மீட்டருக்கு மேல போகக்கூடாது, எடை 12 கிலோவுக்குக் குறையக்கூடாது. சி1 (ஒத்தை ஆள் கேனு) ஒத்தை முட்டியில நின்னு, சுக்கானே கிடையாது. அதே நீளம், 14 கிலோ.

உங்களுக்குத் தேவை ரெண்டு பேர் உட்காருற சிட் ஆன் டாப் ரெண்டு. கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

#3 ஏரிக்கரை_கேஎல்
கண்ணை மூடிக்கொண்டெல்லாம் வேண்டாம் அண்ணே. ஏரிதான் அதிகம் என்று டீச்சர் தெளிவாக எழுதியிருக்கிறார். புத்ராஜெயா மாதிரி அடங்கிய ஏரியில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் திறந்த கேனுதான் வசதி. 4.8 முதல் 5.2 மீட்டர் நீளம், 85 முதல் 92 சென்டிமீட்டர் அகலம். பின்னால் பெரியவர் ஒருவர், முன்னால் ஒரு பிள்ளை, நடுவில் இன்னொரு பிள்ளை. பெரியவர் கை படகிலேயே இருக்கிறது. சிட் ஆன் டாப்பில் இரண்டு பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கரையிலிருந்து கத்துவதை விட இது மேல். ஒரு பக்கத் துடுப்பு போடப் பழகியவனுக்கு டிராகன் படகும் சுலபமாக வரும்.

குறை எடைதான். மூன்றடுக்குப் பிளாஸ்டிக் கேனு 35 கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு பெரியவர் இல்லாமல் தூக்க முடியாது.

#4 தெலுக்பஹாங்_துடுப்பு
தம்பி, அதே கேனு தெலுக் பஹாங்ல ஒரு அலை ஏறினா என்ன ஆகும்? அஞ்சு மீட்டர் கேனு விளிம்பு வரைக்கும் நிறைஞ்சா 500 லிட்டருக்கு மேல தண்ணி, அதாவது அரை டன்னுக்கு மேல. அது மூழ்காது, ஆனா நகரவும் நகராது. அலையில பக்கவாட்டா உருளும்போது அதுக்கும் கரைக்கும் நடுவுல பிள்ளை நின்னா இடுப்பு எலும்பு போயிடும். சிட் ஆன் டாப் கவுந்தா நிமித்திப் போட்டு ஏறி உட்கார வேண்டியதுதான், தண்ணி ஓட்டை வழியா தானா இறங்கிடும்.

#5 நாகை_வத்தை
நீங்கள் இருவரும் மோதிக்கொள்கிற இடத்தில்தான் டீச்சர் கேட்ட பெயர்ப் பட்டியலும் இருக்கிறது. நம் படகுகளை அளவால் பிரிக்க வேண்டாம். எப்படி மிதக்கிறது என்பதால் பிரிக்கலாம்.

ஒன்று, பொருளே மிதப்பது. தெப்பம், புணை, மிதவை, கட்டுமரம். கட்டுமரம் என்பது கனம் குறைந்த மரக்கட்டைகளை வரிசையாக வைத்துக் கயிற்றால் கட்டியது. இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறும், அதே இடுக்கு வழியாக இறங்கும். நிறைவதற்கு உள்ளே குழி இல்லை. கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து உலர்த்துவார்கள், ஏனென்றால் ஊறின மரம் மிதப்பை இழக்கும். இங்கிலீஷ்காரர் 'கேட்டமரான்' என்று நம் சொல்லை எடுத்துக்கொண்டு போய் இரட்டை உடல் பாய்ப்படகுக்கு வைத்துவிட்டார்கள். தாளில் அந்தப் படத்தைப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டு, குழிவினால் மிதப்பது. ஓடம், தோணி, வள்ளம், வத்தை, அம்பி, பஃறி எல்லாம் இந்தப் பக்கம். ஒரே மரத்தைக் குடைந்ததாகவும் இருக்கலாம், பலகை சேர்த்ததாகவும் இருக்கலாம். உள்ளே காற்று இருக்கும்வரை மிதக்கும். தண்ணீர் புகுந்தால் இறைத்தாக வேண்டும். குடைந்த மரத்துக்கு மலாயில் 'ஜாலோர்' என்ற பெயர் உண்டு. கேரளத்து வள்ளங்களுக்கு அயினி மரம் பேர்போனது.

மூன்று, பரிசல். மூங்கில் பிளாச்சுகளைக் கூடையாகப் பின்னி முன்பு தோல், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். ஒகேனக்கல்லில் பார்க்கலாம். வட்டம் என்பதால் ஒரு பக்கம் துடுப்பு போட்டால் அந்த இடத்திலேயே சுற்றும். அதனால் முன்பக்கம் குனிந்து தண்ணீரைத் தன்னை நோக்கி இழுப்பார்கள்.

இப்போது உங்கள் சண்டைக்கு வாருங்கள். சிட் ஆன் டாப் பார்வைக்குக் கட்டுமரம் போல நடந்துகொள்கிறது: மேலே ஏறின தண்ணீர் தானாக வடியும். திறந்த கேனு தோணி இனம்: ஏறின தண்ணீர் தங்கும். கடலுக்கு முன்னது, ஏரிக்குப் பின்னது. இரண்டையும் வாங்குங்கள், வகைக்கு ஒன்றாக.

#6 ரெசின்_வாளி
நாகை அண்ணன் சொன்னதுல ஒரு ஓட்டை இருக்கு, நிஜமாவே ஓட்டை. சிட் ஆன் டாப் கட்டுமரம் இல்ல. உள்ள வெத்துக் கூடு. வெடிப்பு விட்டா தண்ணி உள்ள போய் வெளிய தெரியாம தேங்கும், மேல உட்கார்ந்தவனுக்கு ஒண்ணும் தெரியாது. படகு சாயும்போது உள்ள இருக்கிற தண்ணி மொத்தமும் சாய்ஞ்ச பக்கமே ஓடி இன்னும் சாய்ச்சுவிடும். 20 லிட்டர் போதும், நல்ல படகு குடிகாரனாட்டம் தள்ளாடும். பழசு வாங்குறவங்க மாட்டிக்கிறது இதுலதான்.

சோதனை இப்படி. படகை ரெண்டு முக்காலி மேல ஏத்துங்க. பின்பக்க வடிகால் அடைப்பானைக் கழட்டி அந்த ஓட்டை வழியா 10, 15 லிட்டர் தண்ணி உள்ள ஊத்துங்க. அடைப்பானை மூடி, அடிப்பக்கத்தைத் துணியால துடைச்சு உலர்த்திட்டுப் படகை முன்னும் பின்னும் மெதுவா சாய்ச்சுப் பாருங்க. எங்க ஈரம் கசியுதோ அங்க வெடிப்பு. முதல்ல பார்க்க வேண்டியது வடிகால் குழாயோட உள்சுவர். சக்கரவண்டியோட முள்ளை அந்த ஓட்டையில மாட்டித்தான் இழுப்பாங்க, எடை முழுக்க அங்க இறங்கி வட்டமா வெடிக்கும். அடுத்தது பின்னடி, சிமெண்டுத் தரையில இழுத்து இழுத்துத் தேய்ஞ்சு காகிதமா இருக்கும். விரலால அழுத்துங்க; டப்புனு உள்ள போய் வெளிய வந்தா வாங்காதீங்க.

வெயிலையும் பாருங்க. நகத்தால கீறினா வெள்ளை மாவு வந்தா பிளாஸ்டிக் வெயில்ல செத்துப் போச்சு, அதுல ஒட்டு வேலை நிக்காது.

பாலிஎத்திலீனுக்கு (இந்தப் படகோட பிளாஸ்டிக்) ஃபைபர் துணியும் ரெசினும் போட்டு விக்கிறவங்க இருக்காங்க. அது பிடிக்கவே பிடிக்காது, ரெண்டு தடவை வெயிலும் தண்ணியும் பட்டா தோசை மாதிரி உரிஞ்சு வரும். சரியான வழி, வெடிப்போட ரெண்டு நுனியிலயும் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு ஓட்டத்தை நிறுத்தி, வெடிப்பை வி வடிவத்துல சீவி, அதே பிளாஸ்டிக்ல செஞ்ச குச்சியைச் சூட்டுக் காத்தால உருக்கி நிரப்புறது. குச்சி மட்டும் உருகினாப் பத்தாது, படகோட ஓரமும் பளபளன்னு இளகணும். இல்லாட்டி மேல உட்கார்ந்திருக்கும், ஒட்டியிருக்காது.

நிஜ ஃபைபர் படகுன்னா கதை வேற. அடிபட்ட இடத்தைச் சுத்தி, கனத்துக்குப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவா தேய்ங்க: 4 மில்லிமீட்டர் கனம்னா 48 மில்லிமீட்டர் சரிவு. பாலியெஸ்டர் ரெசினுக்குக் கடினமாக்கி 1 முதல் 2 சதவீதம். நம்ம ஊர் 32 டிகிரியில 1 சதவீதமே போதும், 2 போட்டா வாளியிலேயே கொதிச்சு இறுகிடும். மழை வர்ற மாதிரி இருந்தா தொடங்காதீங்க. ஈரம் பட்டா மேல்பக்கம் பிசுபிசுன்னே நிக்கும்.

#7 பட்டர்வொர்த்_ஜெட்டி
'சம்பான் ஃபைபர்'னு போட்டிருக்கிறதை யாரும் தொடல. அது பெரும்பாலும் அவுட்போர்டு எஞ்சின் மாட்டுற மீன்பிடிப் படகு, பின்பலகை தடியா, நேரா வெட்டினாப்ல இருக்கும். பிள்ளைகள் துடுப்பு போட்டா அசையாது. விலை குறைவேன்னு வாங்கிடாதீங்க டீச்சர்.

பழைய சம்பான் தட்டை அடி. சீனத்துல 'மூணு பலகை'ன்னு பொருள். ஓட்டுறவர் நின்னுக்கிட்டு, முன்னாடி பார்த்து வலிப்பாரு. கோலேக்குங்கிற மலாய்ப் படகு வேற: ரெண்டு முனையும் கூர், அடியில ஏரா (நெடுக ஓடுற முதுகெலும்பு) உண்டு. மலாய்ல பெராஹுன்னா பொதுப் பேர், நாம 'படகு'ங்கிற மாதிரி.

அப்புறம் தோணின்னு எழுதி சின்னப் படகுப் படம் போட்டா தூத்துக்குடிக்காரர் சண்டைக்கு வருவாரு. அங்க தோணின்னா கடல் தாண்டிச் சரக்கு ஏத்திட்டுப் போற பெரிய மரக்கலம்.

#8 நாகை_வத்தை
உண்மை. அதனால் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் ஊரையும் சேர்த்துப் போடுங்கள். தோணி: தூத்துக்குடியில் சரக்குக் கலம், ஆற்றங்கரை ஊர்களில் சிறு ஓடம். வத்தை: இராமேசுவரம் பக்கம். ஓடம் மட்டும் எங்கும் சிக்கலில்லை, ஆற்றைக் கடத்திவிடுகிற படகு, குகன் ஓட்டியது.

பினாங்கு தாள் என்பதால் தொங்கானையும் சேர்க்க வேண்டும். மலாயில் தொங்காங். சிறு படகு அல்ல, கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கியது. ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் படகு ஓட்டியவர்களில் சூலியாத் தமிழர்கள் (தமிழ் முஸ்லிம்கள்) முக்கியமானவர்கள். பிள்ளைகள் தினம் கடந்து போகிற லெபோ சூலியா தெரு அவர்கள் பேரில்தான் இருக்கிறது. இதைத் தாளில் போடாமல் பஃறியையும் அம்பியையும் மட்டும் போட்டால் தமிழ்ப் படகு என்றால் சங்கப் பாட்டில் மட்டும் மிதந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பாகங்கள்: முன்முனை அணியம், பின்முனை அமரம் (சில கரைகளில் கடையால்). அடி நெடுக ஓடும் முதுகெலும்பு ஏரா. அதிலிருந்து மேலேறும் விலாச் சட்டங்கள் வங்கு. திருப்புவது சுக்கான். பிளாஸ்டிக் கயாக்கில் வங்கு கிடையாது, வார்த்த கூடுதான். அங்கே அம்புக்குறி போட வேண்டாம். கேனுவின் குறுக்கே இருப்பதற்குக் குறுக்குச் சட்டம் என்றே எழுதுங்கள், பழஞ்சொல் தேடிக் குழப்பாதீர்கள்.

துடுப்பும் தண்டும் வேறு வேறு. துடுப்பு எங்கும் மாட்டாமல் கையில் மட்டும் இருப்பது. போகிற திசையைப் பார்த்து உட்காருவோம். தண்டு விளிம்பில் தாங்கி வலிப்பது. பெரும்பாலும் முதுகு காட்டி உட்காருவார்கள். பிள்ளைகளிடம் 'துடுப்பு போடு' என்றும் 'தண்டு வலி' என்றும் மாற்றாமல் சொல்லுங்கள்.

#9 ஏரிக்கரை_கேஎல்
துடுப்பு நீளத்தையும் தாளில் சேருங்கள் டீச்சர். கேனுவுக்கு: பிள்ளையை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்து, இருக்கைப் பலகையிலிருந்து மூக்கு வரை அளக்க வேண்டும். பிடியிலிருந்து பலகை தொடங்கும் இடம் வரை அந்த நீளம். கயாக்குக்கு: 80 சென்டிமீட்டர் அகலமான சிட் ஆன் டாப்பில் பெரியவருக்கு 230 முதல் 240 சென்டிமீட்டர், இந்த வயதுப் பிள்ளைக்கு 190 முதல் 210. பெரியவர் துடுப்பைக் கொடுத்தால் காம்பு தடிமனாக இருந்து பிடியே இறுகாது, அரை மணியில் மணிக்கட்டு வலிக்கும். பலகையின் குழிந்த பக்கம் தன்னைப் பார்க்க வேண்டும், நீளமான ஓரம் மேலே. தலைகீழாகப் பிடிப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற கோளாறு.

கேனு நேராகப் போகாது என்று பிள்ளைகள் அழுவார்கள். வலப்பக்கம் போட்டால் அணியம் இடப்பக்கம் திரும்பும், ஏனென்றால் தள்ளுவிசை நடுக்கோட்டுக்கு வெளியே விழுகிறது. பின்னால் இருப்பவர் ஒவ்வொரு வீச்சின் கடைசியிலும் மேல்கையின் கட்டைவிரலைக் கீழே திருப்பி, பலகையைப் படகை விட்டு வெளியே ஒரு தள்ளு தள்ள வேண்டும். ஜே எழுத்து போல வரும். கட்டைவிரல் மேலே திரும்பினால் அதுவும் திருப்பும், ஆனால் வேகத்தைக் கொன்றுவிடும். பத்து வயதுக்காரனுக்கு இது வராவிட்டால் ஆறு வீச்சுக்கு ஒரு முறை இருவரும் பக்கம் மாற்றட்டும்.

கேனுவின் இரு முனையிலும் காற்றுப் பை கட்டாயம். பை இருக்கும் இடத்தில் தண்ணீர் புக முடியாது, அண்ணன் சொன்ன அரை டன் அந்த அளவுக்குக் குறையும். எண்ணெய் வந்த 5 லிட்டர் பிளாஸ்டிக் கேனைச் சாய்வாக வெட்டினால் இறைக்கும் குவளை தயார், கயிற்றில் கட்டி வையுங்கள். ஏரி என்றால் எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் உண்டு. காலில் புண் இருந்தால் நீர் புகாத பிளாஸ்திரி, இல்லையென்றால் அன்று கரையில்.

#10 தெலுக்பஹாங்_துடுப்பு
சரி, ஏரிக்குக் கேனு, ஒத்துக்குறேன். காற்றுப் பையோட.

கடலுக்கு வாங்க. பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் கரை வடக்கு பார்த்தது, பின்னாடி மலை. தெற்கிலேருந்து காத்து அடிக்கும்போது கரையோரம் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், 200 மீட்டர் போனதும் மலை மறைப்பு விட்டுப்போயி படகை வெளிய தள்ளிட்டுப் போகும். பிள்ளைகளுக்கு அமைதியான கடல்தான் ஆபத்து. அலை இருந்தா பயந்து கரையிலேயே நிப்பாங்க. மே முதல் செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்துக் காலம், அதை மனசுல வைங்க. 'சுமத்ரா' புயல்காத்து ஏப்ரல்லேருந்து நவம்பர் வரைக்கும், விடியக்காலையிலயும் காலையிலயும். மேற்கே கறுப்பா ஒரு கோடு தெரிஞ்சா கேள்வியே வேணாம், ஏறிடுங்க.

தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை வத்தும், ஒவ்வொண்ணுக்கும் ஆறு மணி நேரம் கிட்ட. சீரா ஏறாது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காப் போட்டா மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1. நடு ரெண்டு மணி நேரத்துலதான் பாதி தண்ணி ஓடும், இழுப்பும் அப்பதான். அமாவாசை, பௌர்ணமி கழிச்சு ஒண்ணு ரெண்டு நாள் இன்னும் கூடும். கர்னி பக்கம் வத்தும்போது சேறு, படகு உட்கார்ந்துடும், இறங்கினா முட்டி வரைக்கும் போகும். அங்க வேணாம். ஃபெர்ரி ஓடுற பாதைப் பக்கம் தலை வச்சும் படுக்காதீங்க.

பெட்டி ஜெல்லிமீன் இந்தக் கரையில உண்டு. நீளக்கை, நீளக்கால் உடுப்பு. கொட்டினா தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க, வினிகர் அரை நிமிஷமாவது விடாம ஊத்திட்டு நேரா ஆஸ்பத்திரி. மூச்சு திணறினா 999.

லைஃப் ஜாக்கெட் மாட்டினதும் ரெண்டு தோள்பட்டையையும் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க. காதைத் தாண்டினா பெரிய சைஸ். மிதப்பு விசை 50 நியூட்டன்னு எழுதினது நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு. தெரியாத பிள்ளைக்கு 100.

#11 புறப்பாட_டீச்சர்
அண்ணன்மாருக்கு ரொம்ப நன்றி. கேனு ஒன்று, இரண்டு பேர் சிட் ஆன் டாப் ஒன்று என்று முடிவு செய்துவிட்டோம். தாளில் 'எப்படி மிதக்கிறது' என்ற பிரிவையே தலைப்பாக வைக்கிறேன், ஊர்ப் பெயரோடு.

ஒரு சந்தேகம். சிட் ஆன் டாப்பில் பெரியவர் ஒருவரும் பிள்ளையும் உட்கார்ந்து பார்த்தபோது வடிகால் ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே வந்து இருக்கை நனைகிறது. படகு ஓட்டையா?

#12 ரெசின்_வாளி
இல்ல டீச்சர். எடை கூடி, இருக்கைத் தளம் நீர்மட்டத்துக்குக் கீழ இறங்கிடுச்சு, அதான் தண்ணி மேல வருது. கூட்டுக்குள்ள போகல. அந்த ஓட்டைக்குன்னே ரப்பர் அடைப்பான் விக்குறாங்க, கூம்பு வடிவம், கயிறு வச்சது. ஏரியில இருக்கைக்கு அடியில உள்ளதை அடைச்சுக்கலாம். கடல்ல கால் வைக்கிற இடத்துல ரெண்டையாவது திறந்து விடுங்க, எல்லாத்தையும் அடைச்சா அலைத் தண்ணி மேலேயே தங்கி தோணி ஆயிடும். இதையும் பின்பக்க வடிகால் அடைப்பானையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. அது திருகு மரை வச்சது, கூட்டுக்குள்ள போற வழி. தண்ணியில இறக்கும் முன்ன அது இறுகியிருக்கணும், கரை ஏறினதும் கழட்டிப் படகைச் சாய்ச்சு எவ்வளவு வருதுன்னு அளந்து எழுதி வைங்க. ஒரு குவளை வந்தா சகஜம். போன தடவையை விட ரெண்டு மடங்கு வந்தா முக்காலி மேல ஏத்துங்க.